சரக்கு விநியோகத்தில் கார்பனைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிடங்கை நடத்துபவர்கள், வண்டி அனுப்புபவர்கள், கொள்முதல் பிரிவினர், சொந்தமாக நாலைந்து வேன் வைத்து டெலிவரி செய்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளில் வரும் லிட்டரும் கிலோமீட்டரும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. அந்த இடத்தில் உங்கள் வண்டியின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கார்பனைக் குறைப்பதென்று முடிவெடுத்துவிட்டோம். முதல் வேலையாக மின்வண்டி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். ஒரு வண்டி எவ்வளவு டீசல் எரிக்கும் என்பதில் பெரும்பகுதி அது கிடங்கைவிட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆர்டரை எத்தனை மணிக்கு மூடுகிறோம், எந்த நாளில் தருவதாக ஒப்புக்கொள்கிறோம், எந்த அளவுப் பெட்டியில் கட்டுகிறோம் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றைத் தொடாமல் வண்டியை மட்டும் மாற்றினால், பாதி காலியாக ஓடிய டீசல் வேனுக்குப் பதில் பாதி காலியாக ஓடும் மின்வேன் கிடைக்கும். பத்து வண்டி போதுமான இடத்தில் பதினான்கு வாங்கியிருப்போம் என்பது அதைவிடப் பெரிய இழப்பு. ஆர்டர் மேசை, பேக்கிங் மேசை, ரூட், ஓட்டும் விதம், கடைசியில் வண்டி என்ற வரிசையில் போவது நல்லது.

உமிழ்வை எப்படி அளப்பது? கருவி ஏதாவது பொருத்த வேண்டுமா?

கருவி வேண்டாம். எரிந்த எரிபொருளை லிட்டரில் தெரிந்துகொண்டால் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பெட்ரோலுக்கு அது 2.31 கிலோ. இது புகைபோக்கியில் வருவது மட்டும். எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவருவதில் ஆகும் உமிழ்வையும் சேர்த்தால் டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 3.2 கிலோ. இந்த இரண்டு எண்களையும் ஒரே அறிக்கையில் கலந்துவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இந்தப் பக்கத்தில் டீசலுக்கு எங்கும் 3.2 என்றே வைத்திருக்கிறோம்.

ஒரு லாரி 12 டன் ஏற்றி 300 கி.மீ. போகிறது, 100 கி.மீ.க்கு 32 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். 96 லிட்டர், அதாவது 307 கிலோ உமிழ்வு. சுமையையும் தூரத்தையும் பெருக்கினால் 3,600 டன்-கி.மீ. வகுத்தால் ஒரு டன்-கி.மீ.க்கு 85 கிராம். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே லாரி காலியாகத் திரும்புகிறது. காலி வண்டிக்கும் 100 கி.மீ.க்கு 24 லிட்டர் வேண்டும். அந்த 72 லிட்டரையும் சேர்த்தால் மொத்தம் 538 கிலோ, டன்-கி.மீ.க்கு 149 கிராம். போகும்போது 12 டன்னுக்குப் பதில் 6 டன் மட்டும் ஏற்றியிருந்தால், எரிபொருள் 100 கி.மீ.க்கு 28 லிட்டராகத்தான் குறையும். திரும்பும் பயணத்தையும் சேர்த்து டன்-கி.மீ.க்கு 277 கிராம் வரும். வண்டி அதே, ரோடு அதே, டிரைவர் அதே. 85, 149, 277 என்ற வித்தியாசத்தை உண்டாக்கியது காலி இடம் மட்டுமே.

ஒரு வண்டிக்கு மாதம் ஐந்து எண்கள் போதும்: நிரப்பிய லிட்டர், ஓடிய மொத்த கி.மீ., அதில் காலியாக ஓடிய கி.மீ., ஏற்றிய எடை, நின்ற இடங்களின் எண்ணிக்கை. இந்த ஐந்தும் ஒழுங்காகச் சேரத் தொடங்காமல் மென்பொருள் வாங்குவதில் பயனில்லை.

டன்-கிலோமீட்டர் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் டீசல் பில் குறையவில்லையே?

தூரத்தை எப்படி எடுத்தீர்கள் என்று பாருங்கள். மேலே சொன்ன லாரி 300 கி.மீ. ரூட்டை விட்டுவிட்டு 360 கி.மீ. சுற்றிப் போகிறது என்று வையுங்கள். 115 லிட்டர் எரியும், போகும் வழியில் மட்டும் 369 கிலோ உமிழ்வு. ஓடிய தூரத்தை வைத்து வகுத்தால் 4,320 டன்-கி.மீ., விடை அதே 85 கிராம். 19 லிட்டர் வீணானது அறிக்கையில் தெரியவே தெரியாது.

போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிடுவதற்காக 2023-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 14083 என்ற சர்வதேசத் தரநிலை இந்த ஓட்டையை அடைக்கிறது. வகுக்க வேண்டிய தூரம் வண்டி ஓடிய தூரமல்ல, புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் இடையே நடைமுறையில் சாத்தியமான மிகக் குறுகிய தூரம் அல்லது நேர்க்கோட்டுத் தூரம். அப்படிப் பார்த்தால் 369 கிலோவை 3,600-ஆல் வகுக்க வேண்டும், 102 கிராம் வரும். சுற்றிப் போனதற்கான அபராதம் எண்ணிலேயே தெரிகிறது. பல இடங்களில் இறக்கிக்கொண்டே போகும் வண்டியிலும் இதே முறைதான். கிடங்கிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உள்ள குறுகிய தூரத்தை அவருடைய சரக்கின் எடையால் பெருக்கி, மொத்த உமிழ்வை அந்த விகிதத்தில் பிரியுங்கள். இல்லாவிட்டால் ரூட்டில் கடைசியாக நிற்பவர் தலையில் எல்லாருடைய தூரமும் விழும்.

வாடகை லாரியில் அனுப்புகிறோம். அந்த உமிழ்வு எங்கள் கணக்கில் வருமா?

வரும். நிறுவனங்கள் தங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் முறையில் அது மூன்றாம் வகை உமிழ்வு, அதாவது ஸ்கோப்-3. அதில் உள்ள 15 பிரிவுகளில், நீங்கள் கட்டணம் கொடுக்கும் போக்குவரத்து 4-ஆம் பிரிவில் வரும். விற்றபின் மற்றவர் செலவில் போவது 9-ஆம் பிரிவு. சொந்த வண்டியின் டீசல் என்றால் ஸ்கோப்-1.

வாடிக்கையாளர் தனக்கு வசதியான இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுக்க விடுகிறோம். அதில் கார்பன் எங்கே வருகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு பரப்பில் சிதறிக் கிடக்கும் பல இடங்களைத் தொட்டுவரும் மிகக் குறுகிய பாதையின் நீளம், இடங்களின் எண்ணிக்கையைப் பரப்பளவால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 0.71-ஆல் பெருக்கினால் ஏறக்குறையக் கிடைக்கும். நீளம் இப்படி வர்க்கமூலத்தில் வளரும் என்பதை பேர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி என்ற மூன்று கணிதவியலாளர்கள் 1959-இல் நிறுவினார்கள். நேர்க்கோட்டுத் தூரத்துக்கான சூத்திரம். ரோடு வளைந்து போவதற்கு மேலும் 1.3-ஆல் பெருக்கினால் நடைமுறைக்கு ஓரளவு ஒத்துவரும்.

50 சதுர கி.மீ. பரப்பில் 100 டெலிவரி என்றால் 100 × 50 = 5,000. அதன் வர்க்கமூலம் 70.7. நேர்க்கோட்டில் 50 கி.மீ., ரோட்டில் 65 கி.மீ. 100 கி.மீ.க்கு 10 லிட்டர் குடிக்கும் வேனில் 6.5 லிட்டர், டெலிவரிக்குச் சுமார் 210 கிராம் உமிழ்வு.

இப்போது நாளை நான்கு நேரப் பிரிவுகளாக உடைத்து, யார் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்கிறோம். ஒவ்வொரு பிரிவிலும் 25 பேர், ஆனால் ஊர் முழுக்கச் சிதறிய 25 பேர். ஒரு பிரிவுக்கு ரோட்டில் 33 கி.மீ. நான்குக்கும் 131 கி.மீ. தூரம் இரண்டு மடங்கு, டீசல் இரண்டு மடங்கு, டெலிவரிக்கு 420 கிராம். நான்கு பிரிவுக்கு இரண்டு மடங்கு, ஒன்பது பிரிவுக்கு மூன்று மடங்கு என்று இது வளரும். ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவில் வண்டி கிடங்குக்குத் திரும்பினால் அந்தத் தூரம் தனி.

நேரப் பிரிவையே எடுத்துவிடச் சொல்லவில்லை. ஊரை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு நேரம் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 12.5 சதுர கி.மீ., 25 பேர். கணக்குப் போட்டால் பகுதிக்கு 16 கி.மீ., மொத்தம் பழையபடி 65 கி.மீ. வாடிக்கையாளருக்கு இரண்டு மணி நேரத் துல்லியமும் கிடைக்கிறது, தூரமும் ஏறவில்லை. தேர்வைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்தத் தெருவுக்கு வேன் ஏற்கெனவே போகவிருக்கும் நேரத்தை முதலில் காட்டி, அதை இலவசமாக வையுங்கள். மற்ற நேரங்களுக்குக் கட்டணம் போடுங்கள்.

கடைகளுக்குத் தினமும் அனுப்புவதை வாரம் மூன்று நாளாக்கினோம். எதிர்பார்த்த பாதி குறையவில்லை. ஏன்?

அதே வர்க்கமூலம்தான். தினமும் 40 கடைக்குப் போன வண்டி இப்போது 20 கடைக்குப் போகிறது, ஆனால் அந்த 20-ம் பழைய பரப்பு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. தூரம் பாதியாகாது, 29 சதவீதம்தான் குறையும். எந்தக் கடைக்கு எந்த நாள் என்பதைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விட்டால் இப்படித்தான் ஆகும். திங்கள், புதன், வெள்ளி ஊரின் ஒரு பாதி. செவ்வாய், வியாழன், சனி மறு பாதி என்று நாளையும் பகுதியையும் கட்டிப்போட்டால், கடைகளுக்கிடையே ஓடும் தூரம் உண்மையிலேயே பாதியாகும். கிடங்கிலிருந்து அந்தப் பகுதிவரை போய்வரும் தூரம் மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் இரண்டு விஷயம் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஒரு கடைக்கு இறக்கும் அளவு இரண்டு மடங்காகும். அதை வைக்கக் கடையில் இடமிருக்கிறதா, வண்டியில் இடமிருக்கிறதா? இன்னொன்று, ஆர்டர் மூடும் நேரம். அது மாலை ஆறு மணி என்று எழுதியிருந்தும், எட்டு மணிக்கு வரும் போன்காலுக்கு விற்பனைப் பிரிவு 'சரி' சொல்லிவிடும். காலையில் அந்த ஒரு பெட்டிக்காகத் தனி வேன் கிளம்பும். விதிவிலக்குகளை ஒரு மாதம் எழுதிவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து பேரிடமிருந்தே வருகின்றன, அவர்களிடம் நேரில் பேசித் தீர்க்கலாம்.

ரூட் மென்பொருள் வாங்கியும் டிரைவர்கள் பழைய வழியிலேயே போகிறார்கள்.

டிரைவர் பிடிவாதம் என்று முடிவுகட்டுவதற்கு முன் மென்பொருளுக்குள் என்ன எண்களைப் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 20 இடங்களைச் சுற்றும் வரிசைகள் மட்டுமே 24-க்குப் பின்னால் 17 பூஜ்யம் வரும் அளவுக்கு இருக்கின்றன. மனிதத் தலையால் முடியாத வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தவறான எண்ணிலிருந்து மென்பொருள் கண்டுபிடிப்பது தவறான கணக்குக்குச் சிறந்த விடையைத்தான்.

முதல் சந்தேகம் இறக்கும் நேரத்தின்மேல் விழ வேண்டும். ஓர் இடத்துக்கு 4 நிமிடம் என்று போட்டிருப்பார்கள், உண்மையில் 7 நிமிடம் ஆகும். 60 இடத்தில் அது மூன்று மணி நேரம். கடைசிப் பதினைந்து பெட்டிகள் இறங்காமல் திரும்பிவரும், மறுநாள் அதற்கென்று இன்னொரு ஓட்டம். அடுத்தது முகவரிப் புள்ளி. வரைபடத்தில் கட்டடத்தின் முன்வாசல் குறிக்கப்பட்டிருக்கும், சரக்கு இறக்குவது பின்தெருவில். ஜிபிஎஸ் பதிவில் வண்டி உண்மையில் நின்ற இடத்தை எடுத்து, புள்ளியைத் திருத்துங்கள். காலை எட்டு மணி வேகமும் பகல் இரண்டு மணி வேகமும் ஒன்றாகப் போடப்பட்டிருப்பது மூன்றாவது.

டிரைவர் வழிமாறும் ஒவ்வொரு முறையும் ஏன் என்று கேட்டுக் குறித்தால், பாதிக்கு மேல் திருத்தவேண்டிய தரவாகவே இருக்கும். மிச்சம்தான் பழக்கம்.

எதிர்வரும் போக்குவரத்தைக் கடந்து திரும்பும் திருப்பங்களைக் குறைப்பதும் பயன் தரும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் யு.பி.எஸ். பார்சல் நிறுவனம் இடது திருப்பங்களை முடிந்தவரை தவிர்ப்பது தெரிந்த விஷயம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது தலைகீழ்: வலது திருப்பத்தைத் தவிர்க்க வேண்டும். சிக்னலில் இன்ஜின் ஓடியபடி காத்திருக்கும் நேரம் மிச்சமாகும்.

பெட்டியின் அளவுக்கும் கார்பனுக்கும் என்ன சம்பந்தம்?

பெரும்பாலான வண்டிகள் எடையால் நிரம்புவதில்லை, இடத்தால் நிரம்புகின்றன. எடைச்சீட்டில் பாதிகூட வராத வண்டியின் கதவு மூடாமல் நிற்கும். உள்ளே இருப்பதில் கணிசமான பங்கு காற்று.

1200 × 800 மில்லிமீட்டர் பேலட்டில் (பெட்டிகளை அடுக்கித் தூக்கும் பலகையில்) 400 × 300 அடிப்பாகம் கொண்ட பெட்டி ஓர் அடுக்குக்கு 8 உட்காரும், இடைவெளியே இருக்காது. அந்தப் பெட்டியின் நீளத்தை ஒரே ஒரு சென்டிமீட்டர் கூட்டி 410 ஆக்குங்கள். வெளியே நீட்டாமல் எப்படித் திருப்பி அடுக்கினாலும் 6-க்கு மேல் வைக்க முடியாது. ஒரு சென்டிமீட்டருக்கு 25 சதவீத இடம் போயிற்று. 13.6 மீட்டர் டிரெய்லரில் இந்த அளவுப் பேலட் 33 போகும். நான்கு டிரெய்லரில் போகவேண்டியது ஐந்தும் மூன்றிலொரு பங்கும் டிரெய்லராகும். விளிம்புக்கு வெளியே நீட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அட்டைப்பெட்டியின் பலம் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலை காற்றில் தொங்கினால் கீழ் அடுக்கு நசுங்கும், உடைந்த சரக்குக்கு மாற்றாக இன்னொரு ஓட்டம் வேண்டும்.

ஆகவே புதிய பெட்டி வடிவம் அச்சுக்குப் போகும் முன் பேலட் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவரின் கையெழுத்து இருக்கட்டும். 600 × 400 மில்லிமீட்டரும் அதைச் சரிபாதியாகப் பிரித்த அளவுகளும் பாதுகாப்பான தேர்வு. பல இடங்களில் இறக்கும் வண்டியில் கடைசியாக இறங்குவது முதலில் ஏற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரூட் இறுதியாவதற்குள் ஏற்றத் தொடங்கிவிட்டால் அதைக் கடைப்பிடிக்க முடியாது. வழியில் நின்று பெட்டிகளைப் புரட்டும் நேரமெல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

திரும்பும்போது காலியாக வருவதைத் தவிர்க்க முடியுமா?

முழுமையாக முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில்கூடச் சரக்கு வண்டிகள் ஓடும் கிலோமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காலி ஓட்டம்தான். உற்பத்தி ஓரிடத்தில், நுகர்வு வேறிடத்தில் இருக்கும்வரை சரக்கு ஒரு திசையில் அதிகமாகவே ஓடும். டேங்கர், குளிர்வண்டி போன்றவற்றில் எதை வேண்டுமானாலும் ஏற்றவும் முடியாது.

முடிந்ததில் எளிதானது உங்கள் சப்ளையரிடமிருந்து நீங்களே எடுத்துவருவது. டெலிவரி முடியும் இடத்துக்கு அருகில் சப்ளையர் இருந்தால், அவர் தனியாக அனுப்பும் லாரியை நிறுத்திவிட்டு உங்கள் திரும்பும் வண்டியில் ஏற்றுங்கள். காலி கிரேட், பேலட், திரும்பும் பாட்டில் போன்றவையும் இதில் சேரும். இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் காத்திருப்பில்: சப்ளையர் வாசலில் மூன்று மணி நேரம் நின்றால் டிரைவரின் வேலை நேரம் முடிந்துவிடும், மறுநாள் ரூட் சரியும். ஏற்றும் நேரத்தை எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இறங்காதீர்கள். திரும்பச் சரக்கு எடுக்க 80 கி.மீ. சுற்றிப்போவது லாபமா என்பதையும் லிட்டரில் பாருங்கள், வாடகையில் பார்த்தால் ஏமாற்றும்.

வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பும் பார்சல்கள் நிறைய. வாடிக்கையாளரே வந்து பார்சலை எடுத்துக்கொள்ளும் லாக்கர் வைத்தால் உமிழ்வு குறையுமா?

வாடிக்கையாளர் லாக்கருக்கு எப்படி வருகிறார் என்பதைப் பொறுத்தது. மேலே பார்த்த வேன் ஒரு டெலிவரிக்கு 210 கிராம்தான் உமிழ்கிறது. அந்தப் பார்சலுக்காக ஒருவர் காரில் 2 கி.மீ. போய் 2 கி.மீ. திரும்பினால் புகைபோக்கியில் மட்டுமே 600 கிராமுக்கு மேல். நடந்து வரும் தூரத்தில், ரயில் நிலையத்திலோ பேருந்து நிறுத்தத்திலோ, தினசரி போகும் வழியில் இருந்தால் மட்டுமே லாக்கர் கார்பனைக் குறைக்கும். ஊருக்கு வெளியே, கார் நிறுத்த வசதியான இடத்தில் வைத்தால் உமிழ்வு உங்கள் கணக்கிலிருந்து வாடிக்கையாளர் கணக்குக்கு இடம் மாறும், அவ்வளவே.

ஆள் இல்லாத பிரச்சினைக்கு மலிவான மருந்து வேறு: கிளம்பும் காலையில் ஒரு செய்தி, வண்டி நாலைந்து இடம் தள்ளி இருக்கும்போது இன்னொரு செய்தி, பக்கத்து வீட்டில் கொடுக்கலாமா என்ற கேள்வி ஆர்டர் போடும்போதே.

டிரைவர் பயிற்சியால் எவ்வளவு குறையும்?

முதல் சில வாரங்களில் நன்றாகவே குறையும். பிறகு எண்ணைத் திரும்பக் காட்டாவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஒரே ரூட்டில் ஓடுபவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். மலைப்பாதை டிரைவரையும் நெடுஞ்சாலை டிரைவரையும் ஒரே பட்டியலில் போட்டால் அந்தப் பட்டியலை யாரும் மதிக்க மாட்டார்கள்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 90 கி.மீ.யிலிருந்து 80-க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு 21 சதவீதம் குறையும். டயர் உருள்வதற்கான சக்தி மாறாது என்பதால் மொத்த டீசலில் தெரிவது அதில் பாதிக்கும் குறைவு, ஆனாலும் செலவில்லாமல் கிடைப்பது. கனரக வண்டியின் டயரில் 10 பி.எஸ்.ஐ. காற்று குறைந்தால் அரை முதல் ஒரு சதவீதம் எரிபொருள் கூடுதலாகப் போகும். வாரத்துக்கு ஒருமுறை, ஓட்டத்துக்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிவந்த சூட்டில் அளந்தால் காற்று சரியாக இருப்பதுபோலக் காட்டும்.

நின்றபடி இன்ஜின் ஓடுவதைப் பலரும் சிறிய விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கனரக லாரி இப்படி மணிக்கு 2 முதல் 3 லிட்டர் எரிக்கும். 20 லாரி, நாளுக்கு 40 நிமிடம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 10,000 லிட்டர், 32 டன் உமிழ்வு. இதற்கு டிரைவரைத் திட்டுவதைவிடக் கிடங்கு வாசலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது பலன் தரும். காலை ஏழு மணிக்கே எல்லா வண்டிகளையும் வரச்சொல்லிவிட்டு, இரண்டு ஏற்றுமேடையை வைத்துக்கொண்டிருந்தால் வரிசை நிற்கத்தான் செய்யும். வண்டிக்கு அரை மணி இடைவெளியில் நேரம் கொடுங்கள்.

விமானத்தில் அனுப்புவதை எவ்வளவு குறைத்தால் போதும்?

5 டன் சரக்கு, 8,000 கி.மீ. விமானத்தில் டன்-கி.மீ.க்கு 700 கிராம் என்று வைத்தால் 28 டன் உமிழ்வு. அதே சரக்கு 12,000 கி.மீ. கடல்வழியே கண்டெய்னரில், டன்-கி.மீ.க்கு 15 கிராமில் போனால் 0.9 டன். ஓர் அவசர விமானச் சரக்கு முப்பது கப்பல் சரக்குக்குச் சமமாக உமிழும். அதனால் விமானத்தைப் பொறுத்தவரை சதவீத இலக்கு வைப்பதைவிட ஒவ்வொரு விமானச் சரக்குக்கும் காரணம் எழுதச் சொல்வதே வேலை செய்யும். வாடிக்கையாளர் உண்மையில் கேட்டதா, முன்கணிப்பு தவறியதா, உற்பத்தி தாமதமானதா, ஆவணம் தேங்கியதா? கடைசி மூன்றும் கடலில் அனுப்பியிருக்க வேண்டிய சரக்கு.

கப்பலுக்கு மாறினால் வழியில் இருக்கும் நாட்கள் கூடும், கையிருப்பும் கூட வேண்டும். தேவை ஏறியிறங்குவதற்காக வைக்கும் பாதுகாப்புக் கையிருப்பு, காத்திருக்கும் காலத்தின் வர்க்கமூலத்தில் வளரும்: காலம் நான்கு மடங்கானால் கையிருப்பு இரண்டு மடங்கு. இதை நிதிப் பிரிவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் சரக்குத் தட்டுப்பாடு வந்து விமானம் திரும்ப வந்துவிடும்.

கப்பலிலும் வேகம் முக்கியம். இன்ஜின் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடியில் ஏறுவதால், வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் அதே தூரத்துக்கான எரிபொருள் 19 சதவீதம் அளவுக்குக் குறையும். விரைந்து வந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் எரிபொருளையும் வீணாக்கியது, நேரத்தையும் மிச்சப்படுத்தவில்லை.

குளிர்வண்டிக்குத் தனிக் கணக்கு உண்டா?

உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிரூட்டும் இயந்திரத்துக்குத் தனி டேங்க் இருந்தால் அந்த டீசல். அதைவிட மோசமானது வாயுக் கசிவு. பழைய அலகுகளில் உள்ள ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் வாயுவின் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 3,900 மடங்குக்கும் மேல். ஒரு கிலோ கசிந்தால் 1,200 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம். ஆண்டுக்கு எத்தனை கிலோ வாயு நிரப்பினோம் என்ற ரசீதே கசிவின் அளவு. அதை எடுத்துக் கணக்கில் சேருங்கள்.

வண்டியின் குளிர் இயந்திரம் குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கச் செய்யப்பட்டது, சூடான சரக்கைக் குளிரவைக்க அல்ல. சரக்கைக் கிடங்கிலேயே உரிய வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, வண்டியின் உட்பகுதியையும் முன்கூட்டிக் குளிரவைத்து, பிறகு ஏற்றுங்கள். கூரைவரை அடுக்கிக் காற்று வரும் வழியை அடைத்தால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், பின்கதவுப் பக்கச் சரக்கு கெட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, இப்போது மின்வண்டி. எங்கே லாபம்?

மின்சாரம் எப்படித் தயாராகிறது என்பதில் விடை இருக்கிறது. 100 கி.மீ.க்கு 10 லிட்டர் குடிக்கும் டீசல் வேன் கி.மீ.க்கு 320 கிராம் உமிழ்கிறது. சார்ஜ் இழப்பையும் சேர்த்து மின்வேன் கி.மீ.க்கு 0.3 யூனிட் எடுத்துக்கொண்டால், யூனிட்டுக்கு 700 கிராம் உமிழும் நிலக்கரி மின்சாரத்தில் 210 கிராம், 100 கிராம் உமிழும் மின்சாரத்தில் 30 கிராம். வேனுக்கு இரண்டிலும் லாபம்தான்.

கனரக லாரியில் கதை மாறுகிறது. 32 லிட்டர் டீசல் லாரி கி.மீ.க்கு 1,024 கிராம். மின்லாரிக்கு 1.4 யூனிட் என்றால் 700 கிராம் மின்சாரத்தில் 980 கிராம். ஏறக்குறைய சமம். பேட்டரி தயாரிப்பின் உமிழ்வையும் அதன் எடைக்காக இழக்கும் சரக்கையும் சேர்த்தால் லாபம் மறைந்துவிடும். அதே லாரி தூய்மையான மின்சாரத்தில் கி.மீ.க்கு 140 கிராம்தான்.

தினமும் அதிக கி.மீ. ஓடி, நிறைய இடத்தில் நின்று, இரவில் ஒரே கிடங்குக்குத் திரும்பும் வேனை முதலில் மாற்றுங்கள். அடிக்கடி பிரேக் பிடிக்கும் ரூட்டில் அந்தச் சக்தியின் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் வண்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளருக்கு அருகில் கிடங்குகளைக் கூட்டினால்?

கடைசிக் கட்டத் தூரம் குறையும். ஆனால் ஒரு கிடங்கு நான்கானால் பாதுகாப்புக் கையிருப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், கிடங்குகளுக்கிடையே சரக்கு மாற்றும் லாரி புதிதாகக் கிளம்பும். மூன்று பொருள் கேட்ட ஒருவருக்கு மூன்று கிடங்கிலிருந்து மூன்று பார்சல் போவது இதில் வழக்கமாக வரும் நோய். வேகமாக விற்கும் பொருளை மட்டும் பரப்பி, மற்றதை ஓரிடத்தில் வையுங்கள்.

ஒப்பந்த லாரிக்காரர் டீசல் கணக்கைத் தரமாட்டேன் என்கிறார்.

தந்தால் வாடகையைக் குறைப்பீர்களோ என்ற பயம் அவருக்கு. அது நியாயமான பயமும்கூட. விலைக்கணக்கு கேட்காமல் லிட்டர், கி.மீ., காலி கி.மீ. மூன்றை மட்டும், வண்டிவாரியாக இல்லாமல் மாத மொத்தமாகக் கேட்டுத் தொடங்குங்கள். கிடைக்கும்வரை பொது உமிழ்வு எண்களைப் பயன்படுத்தலாம். ஸ்மார்ட் ஃப்ரைட் சென்டர் என்ற அமைப்பின் ஜி.எல்.இ.சி. சட்டகத்தில் (சரக்குப் போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிடும் வழிகாட்டியில்) வண்டிவகைவாரியாக அவை இருக்கின்றன. ஆனால் பொது எண்ணில் அவருடைய முன்னேற்றம் எதுவும் தெரியாது என்பதை அவரிடமே சொல்லுங்கள், நன்றாக ஓட்டுபவர் தானே தரவு தருவார்.

ஒப்பந்தத்தின் வாடகை முறையையும் பாருங்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால், ரூட்டைக் குறைப்பவர் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். யாரும் செய்ய மாட்டார்கள். நாளுக்கு ஒரு நிலையான தொகையும், முடித்த டெலிவரிக்கு இவ்வளவு என்றும் பிரித்தால் குறுகிய ரூட் அவருக்கும் லாபம்.

ஆர்டர் பக்கத்தில் 'பசுமை டெலிவரி' என்று ஒரு பொத்தான் வைக்கலாமா?

வைத்தால் அதன் பின்னால் வேறொரு வேலை நடக்க வேண்டும். பொத்தானை அழுத்தியவர் பார்சலும் அழுத்தாதவர் பார்சலும் அதே வேனில், அதே நாளில் போனால் அது பொய். 'கார்பன் இல்லாத டெலிவரி' என்ற சொல்லும் வேண்டாம். மின்வேனுக்கும் உமிழ்வு உண்டு என்று மேலேயே பார்த்தோம். பச்சை இலைப் படத்தை எடுத்துவிட்டு, 'எங்கள் வேன் வியாழக்கிழமை உங்கள் தெருவுக்கு வருகிறது, அன்று வாங்கிக்கொள்ள முடியுமா?' என்று கேளுங்கள்.